அறுந்த கம்பியின் கதை: மணலி வயலின் முதல் புழல் கிடார் வரை

சாயங்காலம் மொட்டை மாடி. புழல் ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிறது. நாலு நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருவன் கிடாரைச் சுருதி சேர்க்கிறான். இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... "டங்!" கம்பி அறுந்து கையில் சுருண்டு விழுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அறுந்தது பெரும்பாலும் அந்த மெல்லிய முதல் கம்பியாகத்தான் இருக்கும். போன மாதம்தான் அதை மாற்றியிருப்பான்.

உடனே ஆளுக்கொரு காரணம் வரும். "மட்டமான கம்பிடா", "உன் கை முரட்டுக் கை", "கிடாரே டூப்ளிகேட்". பாவம், இந்தக் குற்றச்சாட்டுகளில் பாதி பொய். கம்பி ஏன் அறுகிறது என்ற கேள்வி நேற்று முளைத்தது அல்ல. யாழ் வாசித்த பாணர்கள் காலத்திலிருந்து இருக்கிறது. சுவாரசியமான விஷயம் என்னவென்றால், அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் புழலுக்குப் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது!

நரம்பு என்று ஏன் பெயர்?

சங்க இலக்கியத்தில் யாழின் தந்திக்குப் பெயர் "நரம்பு". விலங்கின் உடலிலிருந்து எடுத்து முறுக்கிச் செய்தார்கள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. உடலில் இருந்து வந்ததால் ஒவ்வொரு நரம்பும் ஒரே மாதிரி இருக்காது. எங்கோ ஒரு இடத்தில் மெலிந்திருக்கும், எங்கோ பிசிர் தட்டும். இழுக்கும்போது அந்த இடத்தில்தான் அறும்.

இது பழந்தமிழருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நரம்புக்கு நான்கு குற்றங்கள் உண்டு என்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புரி சரியில்லாமல் இருப்பது, பிசிர் இருப்பது, முறுக்கு ஏறிப்போவது என்று எல்லாமே கம்பியின் மேல் இருக்கும் சின்னச் சின்னக் குறைகள். கரிகால் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையில், யாழின் நரம்பு எப்படிக் குற்றம் இல்லாமல் இருக்கிறது என்பதற்கு, உமி போகக் குத்திய தினை அரிசியை உவமை சொல்கிறார் முடத்தாமக்கண்ணியார். யாழின் அழகைச் சொல்ல வந்தவர் நரம்பின் தரத்தையும் விடவில்லை.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் எடுத்தவுடன் பாட ஆரம்பிப்பதில்லை. முதலில் எட்டு வகை இசைக்கரணம் வருகிறது. அதில் பண்ணல், பரிவட்டணை என்பவை முதலிரண்டு. சுருதிக்கு ஏற்ப நரம்பைக் கட்டுவதும், கட்டிய நரம்பை விரலால் தடவிப் பார்ப்பதும் அதில் அடக்கம். இன்றைக்கு எத்தனை பேர் கிடாரை எடுத்தவுடன் கம்பியைத் தடவிப் பார்க்கிறார்கள்? தடவினால் துரு எங்கே சொரசொரப்பாக இருக்கிறது, கம்பி எங்கே நசுங்கியிருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். அங்கேதான் அது அறப்போகிறது.

மணலிக்கு வந்த வயலின்

புழலிலிருந்து மாதவரம் வழியாகக் கிழக்கே போனால் மணலி. இன்றைக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, டேங்கர் லாரி. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மணலி ஒரு சங்கீத ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷியாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், ராமசாமி தீட்சிதரை அழைத்து வந்து குடும்பத்தோடு மணலியில் தங்கவைத்தார். அந்த ராமசாமி தீட்சிதரின் மூத்த மகன்தான் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். இன்னொரு மகன் பாலுசாமி தீட்சிதர் (1786 - 1859).

முத்துகிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார். அவர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார். முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் அந்த மெட்டுகளின் மேல் எழுந்தவை. பாலுசாமிக்கோ வயலின் பிடித்துப்போனது. ஒரு ஐரோப்பியரிடம் அவர் வயலின் கற்றுக்கொள்ள முதலியார் ஏற்பாடு செய்தார். கற்ற வித்தையைக் கர்நாடக இசைக்குப் பொருத்தினார் பாலுசாமி. பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகவும் ஆனார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினில் புகழ் பெற்று, 1834ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் கற்பனை செய்து பார்க்க முடியுமா?

அந்தக் காலத்து வயலினில் இருந்தது உருக்குக் கம்பி அல்ல, ஆட்டுக் குடலைக் காயவைத்து முறுக்கிய நரம்பு. ஆங்கிலத்தில் "கேட்கட்" என்று பூனையின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது ஆட்டுக் குடல்தான். குடல் நரம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெயிலில் காய்ந்து சுருங்கும். சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றுக்கு அது ஏற்ற பொருளே அல்ல.

ஐரோப்பாவிலேயே வயலினின் முதல் நரம்பு அடிக்கடி அறும். அந்தச் சுருதிக்கு இழுத்துக் கட்டினால் குடல் நரம்பு தன் தாங்கும் சக்தியின் விளிம்புக்கே போய்விடும். கர்நாடக இசையில் ஒரு வசதி உண்டு. "இந்தச் சுரம் இத்தனை அதிர்வு" என்ற கட்டாயம் இங்கே கிடையாது. பாடகரின் குரல் எந்தக் கட்டையோ அந்தக் கட்டைக்குச் சுருதி. அதனால் வயலினை மேல்நாட்டு அளவைவிடத் தாழ்த்தியே கட்டுகிறார்கள். இசைக்காகச் செய்த இந்த ஏற்பாடு கம்பிக்கும் நல்லதாகப் போயிற்று.

வட சென்னைக்கும் தந்திக்கும் உள்ள உறவு மணலியோடு முடியவில்லை. தியாகராஜரின் சீடரான வீணை குப்பையர் (1798 - 1860) திருவொற்றியூர்க்காரர். அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யர். தியாகராஜரே திருவொற்றியூர் திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867 - 1938) வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்த கச்சேரி அந்தக் கால ரசிகர்களுக்குக் கோயில் மாதிரி. உப்புக்காற்றுக்கு நடுவேதான் இத்தனை தந்திகளும் ஒலித்திருக்கின்றன.

குடல் போய் உருக்கு வந்தது

19ஆம் நூற்றாண்டு இரும்பின் நூற்றாண்டு. பியானோவுக்கு வலுவான கம்பி வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் 1850களில் உருக்குக் கம்பியைச் சூடாக்கிப் பதப்படுத்தி இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்த கம்பிகளைவிட அது பெரிய முன்னேற்றம். இன்று கிடாரில் போடும் கம்பியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கிடார் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் குடல் நரம்போடுதான் இருந்தது. 1833ல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்து கிடார் செய்ய ஆரம்பித்த மார்ட்டின் கம்பெனிகூட 1920களில்தான் உருக்குக் கம்பிக்கு முழுமையாக மாறியது. அதற்கு ஒரு காரணம் ஹவாய் கிடார் மோகம். 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. அதற்குச் சத்தம் வேண்டும், சத்தத்துக்கு உருக்கு வேண்டும். அந்த ஹவாய் கிடார் டாவ் மோ போன்ற கலைஞர்கள் வழியாக 1940களில் கல்கத்தா வரை வந்து சேர்ந்தது.

குடல் நரம்பு கிளாசிக்கல் கிடாரிலிருந்து விலகியதற்கு இரண்டாம் உலகப்போர் காரணம். காயம் பட்ட சிப்பாய்களுக்குத் தையல் போடக் குடல் நரம்பு தேவைப்பட்டதால் இசைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1935ல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலானைக் கம்பியாக்க முயன்றார் ஆல்பர்ட் அகஸ்டின். அவருக்குத் துணை நின்றவர் புகழ்பெற்ற கிடார் மேதை செகோவியா. 1940களின் பிற்பகுதியில் நைலான் கம்பி கடைகளுக்கு வந்தது. காசிமேட்டு மீனவர் கையில் இருக்கும் தூண்டில் நைலானும் கிளாசிக்கல் கிடாரின் நைலானும் ஒரு வகையில் உறவுக்காரர்கள்!

ஆக, இப்போது இரண்டு ஜாதி கிடார். ஒன்று நைலான் போடுவதற்காக மெல்லிய பலகையில் செய்தது. இன்னொன்று உருக்கின் இழுவையைத் தாங்க உள்ளே கட்டை கொடுத்துச் செய்தது. நைலான் கிடாரில் உருக்குக் கம்பி போட்டால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. பிரிட்ஜ் பெயர்ந்து வரும்!

கணக்கு என்ன சொல்கிறது?

கம்பியின் நீளம், இழுவை, எடை மூன்றுக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை 1636ல் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் எழுதி வைத்தார். அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமான விடை வருகிறது.

சாதாரண கிடாரில் அதிர்கிற கம்பியின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். முதல் கம்பி 'ஈ', ஒரு நொடிக்கு சுமார் 330 அதிர்வு. லைட் செட்டில் அதன் தடிமன் 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர். அதை அந்தச் சுருதிக்குக் கொண்டுவரப் பத்தரை கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவு இழுவை வேண்டும். ஒரு தலைமுடியைப்போலச் சில மடங்குதான் தடிமன், அதில் பத்தரை கிலோ! ஆறு கம்பிக்கும் சேர்த்தால் 70 கிலோவுக்கு மேல். ஒரு ஆள் ஓயாமல் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி.

புத்தம் புதிய நல்ல உருக்குக் கம்பி தாங்கக்கூடிய அளவில் பாதிக்கும் மேல் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. அடுத்த கம்பியான 'பி'யில் இந்தச் சுமை 'ஈ'யில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். முதல் கம்பியே முதலில் அறுவதன் ரகசியம் இதுதான்.

"அப்போ தடிமனான கம்பி போட்டால் அறாதே?" என்று கேட்கலாம். அதே சுருதிக்குத் தடிமனான கம்பியைக் கட்ட அதே விகிதத்தில் அதிக இழுவை வேண்டும். ஆகவே சதுர மில்லிமீட்டருக்கு விழும் சுமை மாறுவதே இல்லை. துருவோ கீறலோ வந்தால் தடிமனான கம்பி கொஞ்சம் அதிக நாள் தாங்கும், அவ்வளவுதான். பதிலுக்கு கிடாரின் கழுத்தும் பிரிட்ஜும் கூடுதல் சுமையைச் சுமக்கும்.

சுருதியைக் குறைத்தால் பலன் உண்டு. அரைச்சுரம் இறக்கினால் சுமை சுமார் 11 சதவீதம் குறையும். ஒரு முழுச்சுரம் இறக்கினால் சுமார் 20 சதவீதம். கர்நாடக வித்வான்கள் குரலுக்காகச் செய்ததைக் கிடார்க்காரர்களும் செய்யலாம். பாடுகிறவனுக்கும் எட்டும்!

எங்கே அறுந்தது என்று பாருங்கள்

பாதி சுமையில்தானே இருக்கிறது, பின் ஏன் அறுகிறது? மீதிப் பாதியைத் தின்பவை மூன்று: வளைவு, உராய்வு, துரு.

பைக் வைத்திருப்பவர்களுக்கு வளைவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கிளட்ச் கேபிள் நடுவில் அறுந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? லிவர் பக்கத்தில், வளைந்து வளைந்து நிமிரும் முனையில்தான் ஒவ்வொரு இழையாகப் பிரியும். 1950களில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த திருவொற்றியூர்ப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இது பாலபாடம். கிடாரிலும் அப்படியே. அதனால் அறுந்த துண்டை வீசி எறியாமல், எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பிரிட்ஜ் பக்கம் அறுந்திருந்தால்: சாடில் என்ற அந்த வெள்ளைத் துண்டின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பழைய கம்பி அதில் பள்ளம் தோண்டியிருக்கும். மிக நைசான உப்புத்தாளால் லேசாக வட்டமாக்கினால் போதும். அழுத்தித் தேய்த்தால் உயரம் குறைந்து கம்பி இரையும், ஜாக்கிரதை.

நட் பக்கம் அறுந்திருந்தால்: கழுத்தின் மேல்முனையில் உள்ள பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொள்கிறது. சுருதி கூட்டும்போது கம்பி நகராமல் அங்கேயே இறுகி, பிறகு "டக்"கென்று விடுபடும். பென்சில் முனையால் அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் கரி மசகாகிவிடும். செலவு சல்லிக்காசு இல்லை.

கீ பக்கம் அறுந்திருந்தால்: கம்பி கட்டியதில் கோளாறு. துளையில் விட்டு நறுக்கென்று மடித்திருப்பார்கள், அல்லது சுற்றே இல்லாமல் இழுத்திருப்பார்கள். மெல்லிய கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும். சுற்றின்மேல் சுற்று ஏறக்கூடாது.

ஃபிரெட்டின் மேல் அறுந்திருந்தால்: ஃபிரெட்டில் கீறல் இருக்கலாம், அல்லது ஒரே இடத்தில் பல மாதம் அழுத்தி கம்பி தேய்ந்திருக்கலாம். கம்பியை இழுத்து வளைத்து வாசிப்பவர்களுக்கு இது அதிகம் நடக்கும். வீணையில் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது தினசரி வேலை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969 - 2014) கமகத்துக்காக வாத்தியத்தையே மாற்றினார். ஜோடி ஜோடியாக இருந்த கம்பிகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் போட்டார். வாசிப்புக்கு வாத்தியம் ஒத்துவராவிட்டால் வாத்தியத்தை மாற்றலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

சுருதி சேர்க்கும்போதே அறுந்தால்: புதிதாகக் கற்பவர்களின் தவறு இது. எட்டுச் சுரம் தள்ளி, மேல் ஸ்தாயிக்கு இழுத்துக்கொண்டே போவார்கள். மூன்றாவது கம்பியான 'ஜி'யை ஒரு ஸ்தாயி மேலே இழுத்தால் அது முதல் கம்பியின் சுருதியையே தாண்டவேண்டும். 'ஜி' போன்ற சுற்றுக்கம்பியில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய உருக்கு மட்டுமே, மேலே சுற்றியிருக்கும் வெண்கலம் வெறும் எடை. அது எப்படித் தாங்கும்? ட்யூனரில் சுரத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் காதையும் கொஞ்சம் தீட்டவேண்டும்.

உப்புக்காற்றும் வியர்வையும்

கடைசி எதிரி துரு. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் உப்பு விடவில்லை. 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கே அந்தக் கதி என்றால் 0.3 மில்லிமீட்டர் கம்பி எம்மாத்திரம்!

புழல் கடலோரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனாலும் சென்னையின் ஈரம் இங்கும் உண்டு. அதோடு உப்பைக் கம்பிக்குக் கொண்டுவர கடலே தேவையில்லை. விரல் வியர்வையிலேயே உப்பு இருக்கிறது. வாசித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்த்து வைத்தால் இரவு முழுக்க அந்த உப்பும் ஈரமும் வேலை செய்யும். துரு முதலில் கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழிகளாக ஆரம்பிக்கும். இழுவை எல்லாம் அந்தக் குழியின் அடியில் வந்து குவியும். பழந்தமிழர் நரம்பில் தேடிய குற்றம் உருக்கில் இப்படித்தான் வருகிறது.

இதற்கு 1990களில் ஒரு தீர்வு வந்தது. கோர்டெக்ஸ் துணிக்குப் பெயர்போன கோர் கம்பெனி, மெல்லிய பிளாஸ்டிக் உறை பூசிய கம்பியை எலிக்சிர் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. விலை அதிகம், ஆனால் கடலோர ஊருக்கு அதிக நாள் தாங்கும். வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: ஒரு பழைய காட்டன் பனியன் துணி.

செய்யவேண்டியவை, சுருக்கமாக

1. வாசிக்கும் முன் கை கழுவுங்கள். வாசித்தபின் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகத் துடையுங்கள்.
2. கிடாரை உறையில் வையுங்கள். ஜன்னல் ஓரம், சமையலறைப் பக்கம், வெயிலில் நிற்கும் வண்டி வேண்டாம்.
3. வாரம் ஒருமுறை கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அதன் காலம் முடிந்தது.
4. பழைய கம்பி ஒன்று அறுந்தால் மற்ற ஐந்தும் அதே வயதுதான். முடிந்தால் செட்டாக மாற்றுங்கள்.
5. ஒரே இடத்தில் இரண்டு முறை அறுந்தால் கம்பியைத் திட்டாதீர்கள், கிடாரின் அந்த இடத்தைச் சரி செய்யுங்கள்.
6. சுருதி கூட்டும்போது முகத்தைக் கம்பிக்கு நேராக வைக்காதீர்கள். கண் முக்கியம்.

கடைசியாக

திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதை தெரிந்திருக்கும். ஞானசம்பந்தரின் ஒரு பதிகம் தன் யாழுக்குள் அடங்காமல் போனதும், அவர் மனம் உடைந்து யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் அதைத் தடுத்து, யாழில் வந்த அளவுக்கு வாசித்தால் போதும் என்றார் என்கிறது பெரியபுராணம்.

முதல் கம்பி மூன்றாவது தடவை அறுந்ததும் "நமக்கு இது சரிப்படாது" என்று கிடாரைப் பரணில் போட்டவர்கள் வட சென்னையில் மட்டும் எத்தனை பேரோ! அவர்கள் கையிலும் குறையில்லை, காதிலும் குறையில்லை. சாடிலில் இருந்த ஒரு கூர்மையும், துடைக்காமல் விட்ட கொஞ்சம் வியர்வையும்தான் அவர்களின் பாட்டை நிறுத்தியிருக்கும். பரணில் இருக்கும் அந்தக் கிடாரை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். ஒரு பென்சில், கொஞ்சம் நைஸ் உப்புத்தாள், ஒரு துணி, ஒரு செட் கம்பி. இவ்வளவுதான் தேவை.